கல்லெறிந்தவர் மனு எழுதியபோது: மார்கரெட் கசின்ஸின் இரண்டு வாக்குரிமைப் போராட்டங்கள்

தமிழ்நாட்டில் பெண்களின் வாக்குரிமை என்று பேச்சு வந்தால் 1921 என்ற ஆண்டும் நீதிக் கட்சி என்ற பெயரும் கூடவே வந்துவிடும். பெண் என்பதற்காக ஒருவரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்று அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணச் சட்டமன்றம் தீர்மானித்தது. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட மாகாணங்களில் இதுவே முதல். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக் கட்சி என்பதும் உண்மை. மேடைகளில் சொல்லப்படும் கதை அநேகமாக இந்த இடத்திலேயே முடிந்துவிடும். அந்தத் தீர்மானம் அவைக்கு வருவதற்கு முன்பு அதற்காக ஆண்டுக்கணக்கில் மனு எழுதியவர்கள், கூட்டம் போட்டவர்கள், லண்டன்வரை போய்ச் சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய சங்கம் அடையாறில் இருந்தது. சங்கத்தின் செயலாளர்களில் ஒருவர் அயர்லாந்துக்காரர். டப்ளினில் அரசுக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுச் சிறைக்குப் போனவர்.

மார்கரெட் கசின்ஸ் என்ற அவருடைய பெயரை இங்கே கேள்விப்பட்டிருப்பவர்கள்கூட, 'ஜன கண மன' பாடலுக்கு மதனப்பள்ளியில் ஸ்வரக்குறிப்பு எழுதியவர் என்ற துணுக்குச் செய்தியாகத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தச் செய்தி பொய்யில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் அது ஒரு மாலைப்பொழுதின் வேலை. வாக்குரிமைக்காக அவர் செலவிட்டது முப்பது ஆண்டுகளுக்கும் மேல். அதிலும் விசித்திரம் என்னவென்றால், ஒரே கோரிக்கையை இரண்டு நாடுகளில் நேரெதிரான இரண்டு வழிகளில் கேட்டவர் அவர். அயர்லாந்தில் கல்லை எடுத்தார். சென்னையில் வாக்குரிமைக்காக அவர் ஒரு கண்ணாடியைக்கூட உடைக்கவில்லை. வயது ஏறியதும் வேகம் அடங்கிவிட்டது என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. 1932-ல், 54 வயதில், பேச்சுரிமைக்காக வேலூர்ச் சிறைக்கு விரும்பியே போனவர் அவர். எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்தே அவர் வழியைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன்.

பாயில் ஊர்ப் பெண்

அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற சிற்றூரில் 1878 நவம்பர் 7 அன்று மார்கரெட் கில்லஸ்பி பிறந்தார். தந்தை அவ்வூர் நீதிமன்றத்தில் எழுத்தர். மெதடிஸ்ட் கிறித்தவக் குடும்பம், பிரிட்டிஷ் முடியாட்சிக்கு விசுவாசமான வீடு, நிறையப் பிள்ளைகள், அவர்களில் மூத்தவர் இவர். டெர்ரியில் பள்ளிப் படிப்பு, டப்ளினில் இசைப் படிப்பு, 1902-ல் இசையில் இளங்கலைப் பட்டம். அடுத்த ஆண்டு கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸைத் திருமணம் செய்துகொண்டார்.

கணவரும் மனைவியும் இறைச்சி உண்ணாதவர்கள், மது தொடாதவர்கள், ஆவி உலகத்தோடு பேச முயன்றவர்கள், பிறகு பிரம்மஞான (தியாசபிகல்) சபையினர். 1904 ஜூன் மாதத்தில் தங்க இடமில்லாமல் அலைந்த ஓர் இளைஞருக்கு டப்ளினில் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். அவர் இரண்டொரு நாளில் அந்தக் காய்கறிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்று கிளம்பிவிட்டார். அந்த இளைஞர் பின்னாளில் பெரும் எழுத்தாளரான ஜேம்ஸ் ஜாய்ஸ். இந்தத் தம்பதியை 'கிறுக்கர்கள்' என்று டப்ளின் இலக்கிய வட்டம் கேலி பேசியதில் வியப்பில்லை. ஆனால் ஊர் சொல்லுக்கு அஞ்சாமல் தங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யும் பழக்கம் இந்தக் கேலிகளுக்கு நடுவில்தான் மார்கரெட்டுக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் அது நன்றாகப் பயன்பட்டது.

1906-ல் மான்செஸ்டரில் நடந்த பெண்கள் மாநாடு ஒன்றுக்குப் போய்த் திரும்பியவர், டப்ளினில் இருந்த பழைய வாக்குரிமைச் சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கத்தின் நடை அவருக்குப் போதவில்லை. 1908 நவம்பரில் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமை லீக் என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். லண்டனில் எமலின் பாங்க்ஹர்ஸ்ட் நடத்திய போர்க்குணம் மிக்க இயக்கம் இவர்களுக்கு முன்மாதிரி. ஆனால் அதன் கிளையாக இருக்க இவர்கள் சம்மதிக்கவில்லை. அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும், அந்த நாடாளுமன்றத்துக்குப் பெண்களும் வாக்களிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதுதான் இவர்கள் நிலைப்பாடு.

சிக்கல் முழுக்க அந்த 'ஒன்றாக' என்பதில்தான் இருந்தது.

சொந்த வீட்டு ஆண்கள் கைவிட்ட கதை

இதைப் புரிந்துகொள்ள அன்றைய லண்டன் நாடாளுமன்றத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1910 தேர்தல்களுக்குப் பிறகு லிபரல் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. பிரதமர் ஆஸ்க்வித் பதவியில் நீடிக்க ஜான் ரெட்மண்ட் தலைமையிலான ஐரிஷ் கட்சியின் தயவு தேவைப்பட்டது. அதற்கு விலையாக அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதாக ஆஸ்க்வித் ஒப்புக்கொண்டார். ஆஸ்க்வித்துக்குப் பெண்களின் வாக்குரிமை என்றாலே ஆகாது. அவருடைய அமைச்சரவையோ அந்த விஷயத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வாக்குரிமை மசோதா நிறைவேறினால் அமைச்சரவை உடையும், அமைச்சரவை உடைந்தால் தன்னாட்சி மசோதா போய்விடும் என்று ஐரிஷ் கட்சி பயந்தது. ரெட்மண்டுக்கும் பெண்கள் வாக்களிப்பதில் சொந்த விருப்பம் எதுவும் கிடையாது.

1912 மார்ச்சில் சமரச மசோதா என்று அழைக்கப்பட்ட வாக்குரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 208, எதிர்ப்பு 222. வெறும் 14 வாக்குகளில் தோற்றது. முந்தைய ஆண்டு இதேபோன்ற மசோதாவை ஆதரித்த ஐரிஷ் உறுப்பினர்களும் இந்த முறை எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். அடுத்த மாதம் அறிமுகமான தன்னாட்சி மசோதாவில் பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாட்டு விடுதலைக்காகப் பெண்களின் விடுதலை காத்திருக்கலாம் என்ற வாதத்தை உலகின் பல தேசிய இயக்கங்களில் கேட்டிருக்கிறோம். அயர்லாந்தில் அது காத்திருங்கள் என்ற அறிவுரையோடு நிற்கவில்லை. பெண்களின் வாக்குரிமையைத் தோற்கடித்த வாக்குகளே நாட்டு விடுதலை கேட்டவர்களுடையவை. அரசாங்கத்தைக் கெஞ்சிப் பயனில்லை, சொந்த நாட்டுத் தலைவர்களைக் கெஞ்சியும் பயனில்லை என்ற நிலையில்தான் ஐரிஷ் பெண்கள் கல்லை எடுத்தார்கள்.

மார்கரெட்டுக்கு அது புதிதில்லை. 1910 நவம்பரில் லண்டனில் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போன பெண்களைப் போலீசார் அடித்து நொறுக்கிய நாட்களில் டப்ளினிலிருந்து போய்க் கலந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே அமைச்சர்கள் வீட்டு ஜன்னல்களை உடைத்ததற்காக ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1912 ஜூனில் ஹன்னாவும் தோழிகளும் டப்ளின் அரசு அலுவலகங்களின் கண்ணாடிகளை உடைத்தார்கள். 1913 ஜனவரியில் மார்கரெட்டின் முறை. டப்ளின் கோட்டைதான் அயர்லாந்தில் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையகம். அதன் ஜன்னல்களை உடைத்துவிட்டுக் கைதாக நின்றார். ஒரு மாதத் தண்டனை, டல்லமோர் சிறை. அரசியல் கைதி என்ற தகுதி வேண்டும் என்று கேட்டு அங்கே உண்ணாவிரதம் இருந்தார்.

இசைப் பட்டம் பெற்ற, கவிஞரின் மனைவியான, பூச்சியைக்கூடக் கொல்ல விரும்பாத ஒரு பெண் கல்லோடு தெருவில் நின்ற முரணை அன்றைய பத்திரிகைகள் கேலி செய்தன. உடைந்தது அரசாங்கச் சொத்துதான், எந்த உயிருக்கும் தீங்கில்லை என்பது போராடியவர்கள் தரப்பு. இதில் இன்னொன்றும் உண்டு. வாக்கு இல்லாதவருக்கு அன்றைய அரசியலில் தன் இருப்பைக் காட்ட நீதிமன்றக் கூண்டைவிட நல்ல மேடை கிடையாது. கூண்டில் நின்று பேசியது மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும்.

இதே காலத்தில் ஜேம்ஸ் கசின்ஸும் ஹன்னாவின் கணவர் ஃபிரான்சிஸும் சேர்ந்து 'ஐரிஷ் சிட்டிசன்' என்ற வாக்குரிமைப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். மனைவிகள் சிறைக்குப் போக, கணவர்கள் பத்திரிகை நடத்தினார்கள். 1913-ல் ஜேம்ஸுக்குக் கிடைத்த வேலையை நம்பிக் கசின்ஸ் தம்பதி லிவர்பூல் போய்ச் சேர்ந்தார்கள். வேலை, சைவ உணவுப் பொருள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில்! 1915-ல் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்டின் அழைப்பு வந்தது. சென்னையில் அவர் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழின் ஆசிரியர் குழுவில் ஜேம்ஸுக்கு இடம். கப்பல் ஏறினார்கள்.

மதனப்பள்ளியில் ஒரு தொடக்கம்

ஜேம்ஸின் பத்திரிகை வேலை ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1916 ஏப்ரலில் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அந்த வாரத்தில் எந்த ஆயுதமும் ஏந்தாத, கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்கப் போன ஃபிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டனை ஒரு பிரிட்டிஷ் அதிகாரி விசாரணையே இல்லாமல் சுட வைத்தார். எழுச்சியின் தலைவர்களில் பலர் கவிஞர்கள். ஜேம்ஸ் அவர்களைப் போற்றி 'நியூ இந்தியா'வில் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டுக்கொண்டிருந்த பெசன்டுக்கும் அது அளவு மீறியதாகப் பட்டிருக்க வேண்டும். ஜேம்ஸை வேலையைவிட்டு அனுப்பினார். ஆனால் கைவிட்டுவிடவில்லை. பிரம்மஞான சபை மதனப்பள்ளியில் நடத்திய கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

அங்கேதான் மார்கரெட் உள்ளூர்ப் பெண்களைக் கூட்டி ஒரு மாதர் சங்கம் நடத்தத் தொடங்கினார். படிப்பு, தையல், பேச்சு என்று எளிய தொடக்கம். அதுபோலச் சிதறிக் கிடந்த சங்கங்களை ஒன்றாக்க முடியுமா என்ற யோசனையை வளர்த்தவர் டோரதி ஜினராஜதாசா. இலங்கையைச் சேர்ந்த பிரம்மஞானி ஜினராஜதாசாவை மணந்த ஆங்கிலேயப் பெண்மணி. 1917 மே 8 அன்று அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. தலைவர் பெசன்ட். மார்கரெட், டோரதி, பின்னாளில் அரசமைப்பு நிர்ணய சபையில் அமர்ந்த அம்மு சுவாமிநாதன் போன்றோர் அதன் தூண்கள். சங்கத்தின் இதழான 'ஸ்திரீ தர்மா' ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்குப் பகுதிகளையும் தாங்கி வந்தது.

சங்கம் தொடங்கிய அடுத்த மாதமே பெசன்டை அரசு காவலில் வைத்தது. அதை எதிர்த்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். வீட்டுப் பெண்கள் அரசியல் பேசத் தெருவுக்கு வருவார்கள் என்பதைச் சென்னை அந்த மாதங்களில் பார்த்தது. செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானார். ஆண்டு முடிவதற்குள் காங்கிரசின் தலைவரானார். இந்தச் சூட்டிலேதான் அந்த டிசம்பர் மாதச் சந்திப்பு நடந்தது.

கதவு திறந்த விதம்

இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகு, அரசியல் சீர்திருத்தம் பற்றி மக்களின் கருத்தைக் கேட்க இந்தியா வந்திருந்தார். அவரைப் பார்க்கப் பெண்கள் குழு ஒன்றுக்கு அனுமதி கேட்டு மார்கரெட் எழுதினார். பெண் கல்வி பற்றிப் பேசத்தான் முதலில் கேட்டார். அரசியல் விஷயமாக வருபவர்களை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் என்று பதில் வந்தது.

வேறொருவராக இருந்தால் கடிதத்தை மடித்து வைத்திருப்பார். இரண்டு முறை வாக்குரிமைக்காகச் சிறைக்குப் போனவருக்கு அந்தப் பதிலில் வேறு ஏதோ தெரிந்தது. அரசியல்தான் வேண்டுமா, சரி, அரசியலே பேசுவோம் என்று மனுவைத் திருப்பி எழுதினார். வாக்குரிமைக்கான விதிகளை வகுக்கும்போது பெண்களையும் மக்களாகக் கணக்கில் கொள்ள வேண்டும், பெண் என்பதற்காக மட்டும் யாரையும் விலக்கக் கூடாது என்ற கோரிக்கை உள்ளே நுழைந்தது. 1917 டிசம்பர் 18 அன்று சென்னையில் மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டையும் அந்தக் குழு சந்தித்தது. தலைமை சரோஜினி நாயுடு. பெசன்ட், பேகம் ஹஸ்ரத் மொஹானி போன்றோர் உடன் இருந்தார்கள். இந்தியப் பெண்கள் வாக்குரிமை கேட்டு அரசின் முன்னால் அமைப்பாகப் போய் நின்றது அதுவே முதல் முறை. ஒரு எழுத்தரின் சுருக்கமான பதில் கடிதம் திறந்துவிட்ட கதவு அது என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் பெரிய மிகையில்லை.

மனுவை எழுதியவர் மார்கரெட், பேசியவர் சரோஜினி. இந்த வேலைப் பிரிவினையைக் கவனிக்க வேண்டும். லண்டனின் வாக்குரிமைப் போராளி ஒருத்தி இந்தியப் பெண்களைத் தூண்டிவிடுகிறாள் என்று சொல்லி விஷயத்தைத் தள்ளிவிடுவது அரசுக்கு எளிது. அந்த வாய்ப்பை அவர் தரவில்லை.

உடனே பலன் ஒன்றும் இல்லை. 1918-ல் வந்த மாண்டேகு-செம்ஸ்ஃபோர்ட் அறிக்கையில் பெண்களின் வாக்குரிமை பற்றிப் பேச்சில்லை. வாக்குரிமை விதிகளை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகத்தின் பழமைக்கும் பர்தாவுக்கும் நடுவில் இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கைவிரித்தது. பிரிட்டனில் 30 வயதைக் கடந்த, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு வாக்குரிமை தந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தங்கள் ஊரில் அத்தனை ஆண்டுகள் கல்லடி பட்டபிறகு கொடுத்ததை இங்கே பண்பாட்டின் பெயரால் மறுத்தார்கள்.

ஏன் இங்கே கல் தேவைப்படவில்லை

இங்கே நிலவரம் அயர்லாந்துக்குத் தலைகீழ். 1918-ல் பம்பாயில் கூடிய காங்கிரசின் சிறப்பு மாநாடு, ஆண்களுக்கு உள்ள அதே தகுதிகளோடு பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ரெட்மண்டின் கட்சி செய்ய மறுத்ததை இந்தியத் தேசியவாதிகள் பெரிய சண்டையில்லாமல் செய்தார்கள். இந்திய ஆண்கள் ஐரிஷ் ஆண்களைவிடத் தாராள மனம் கொண்டவர்கள் என்று மார்கரெட் உள்பட அன்று பலர் புளகாங்கிதத்தோடு எழுதினார்கள். பண்டைய இந்தியாவில் பெண்ணுக்கு இருந்த உயர்வின் தொடர்ச்சி என்றுகூடச் சொன்னார்கள். பிரம்மஞானிகளுக்குப் பழம்பெருமை என்றால் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. ரெட்மண்ட் வாக்குரிமையை ஆதரித்திருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது தன்னாட்சி மசோதா. இந்தியத் தலைவர்கள் ஆதரித்ததால் இழக்க எதுவும் இல்லை. கொடுக்க வேண்டியவர் வெள்ளைக்காரர். அவர் மறுத்தால் மறுப்பின் பழி அவர் தலையில். இந்தியா தன்னாட்சிக்குப் பக்குவப்படவில்லை, பெண்களை அடைத்து வைத்திருக்கும் சமூகம் இது என்று சொன்னவர்களுக்கு, பெண்களின் வாக்குரிமையை நாங்கள் கேட்கிறோம், நீங்கள்தான் தரவில்லை என்பதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. காங்கிரசுக்குள்ளும் எல்லோருக்கும் இதில் ஒரே மனம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒத்துழையாமை தொடங்கிய 1920-ல், வாக்குரிமையைத் தேடிப் போவதைவிட நாட்டின் பொது எதிரியோடு போராடப் பெண்கள் முன்வரட்டும் என்றுதான் காந்தி எழுதினார்.

மார்கரெட் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டார். ஆதரிப்பதாகச் சொல்பவன் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தீர்மானம் தீர்மானமாக எழுதி வாங்குவதுதான் வழி. மாநாட்டுக்கு மாநாடு, நகரசபைக்கு நகரசபை என்று சங்கத்தின் கிளைகள் அதைத்தான் செய்தன. 1919-ல் சரோஜினியும் பெசன்டும் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன்னால் வாதிட்டார்கள். பம்பாயின் ஹீராபாய் டாட்டா மகள் மிதானோடு போய் பிரிட்டன் முழுக்கக் கூட்டங்களில் பேசினார். கூட்டுக்குழு தானே முடிவெடுக்கத் துணியாமல், அந்தந்த மாகாணச் சட்டமன்றங்கள் விரும்பினால் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று பொறுப்பைக் கைமாற்றிவிட்டது.

அந்தக் கைமாற்றல்தான் 1921 ஏப்ரலுக்கு வழி திறந்தது. இங்கே வரலாறு ஒரு குறும்பு செய்தது. 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்துவிட்டது. சட்டமன்றத்தில் இருந்தவர்கள் நீதிக் கட்சியினரும் மிதவாதிகளும். பெண்களின் வாக்குரிமைக்காக முழங்கியது காங்கிரஸ் மாநாடுகள். அதைச் சட்டமாக்கியதோ காங்கிரஸ் இல்லாத ஓர் அவை. பெசன்டோடு நீதிக் கட்சிக்கு எவ்வளவு பகை என்பது ஊரறிந்தது. அப்படியிருந்தும் பெசன்டைத் தலைவராகக் கொண்ட ஒரு சங்கத்தின் கோரிக்கையை அந்த அவை ஏற்றது. நீதிக் கட்சிக்கு இதில் பெருமை உண்டு, சந்தேகமில்லை. ஒரே ஒரு கட்சிக்கு மட்டும் உரிய பெருமை இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வருவது. அதே ஆண்டில் பம்பாயும், அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன. 1920களின் முடிவில் எல்லா மாகாணங்களிலும் தடை நீங்கியிருந்தது.

எத்தனை பேர் வாக்களிக்க முடிந்தது?

கல்லில்லாமல் கிடைத்த வெற்றியின் குறையும் இங்கேதான். நீங்கியது பெண் என்ற தடை மட்டும். சொத்தும் வரியும் வைத்து வாக்காளரைத் தேர்ந்தெடுக்கும் விதி அப்படியே இருந்தது. ஆண்களிலேயே பெரும்பாலோருக்கு வாக்கில்லாத காலம் அது. தன் பெயரில் நிலமோ வீடோ வைத்து வரி கட்டும் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வயதுவந்த பெண்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுகூடப் பல மாகாணங்களில் தேறவில்லை. கேட்பவர்கள் மேட்டுக்குடிப் பெண்கள், கேட்பது தங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் என்ற விமர்சனம் அன்றே இருந்தது. அதில் பாதி நியாயம் உண்டு. ஆண்களுக்கு உள்ள தகுதிகளோடு என்று கேட்டதால்தான் இவ்வளவு விரைவில் கிடைத்தது. அதனால்தான் இவ்வளவு குறைவாகவும் கிடைத்தது.

அடுத்த படி, வாக்களிக்கும் பெண்கள் தேர்தலில் நிற்பது. 1926-ல் அதற்கும் அனுமதி வந்ததும் மார்கரெட் சும்மா இருக்கவில்லை. 23 வயதான கமலாதேவி சட்டோபாத்யாயவை மங்களூர்ப் பக்கத்துத் தொகுதியில் போட்டியிட வைத்துத் தானும் பிரச்சாரத்துக்கு நின்றார். சில நாட்கள் மட்டுமே கிடைத்த பிரச்சாரத்தில் கமலாதேவி 50 சொச்சம் வாக்குகளில்தான் தோற்றார். அதன்பிறகு மாதர் சங்கத்தின் பரிந்துரையோடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார், அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் அங்கே நடத்திய போராட்டம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே.

1927 ஜனவரியில் புனேயில் கூடிய முதல் அகில இந்திய மாதர் மாநாட்டுக்கு விதை போட்டவரும் மார்கரெட்தான். பெண் கல்வி பற்றிக் கருத்துத் திரட்டுவதற்காக அவர் எழுதிய கடிதங்களிலிருந்து தொடங்கிய மாநாடு அது. இடையில் சென்னையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் அமர்ந்தார். இந்தியாவில் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண். கண்ணாடி உடைத்ததற்காக மாஜிஸ்திரேட்டின் முன் நின்றவர் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்ததை அவரே ரசித்திருப்பார்.

வேலூர்ச் சிறைக்கு வந்தது 1932 டிசம்பரில். சட்டமறுப்பு இயக்கத்தை ஒடுக்க அரசு பிறப்பித்த அவசரச் சட்டங்கள் பேச்சுரிமையைப் பறிக்கின்றன என்று சென்னையில் வேண்டுமென்றே பொதுக்கூட்டத்தில் பேசினார். நன்னடத்தைக்கு ஜாமீன் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மறுத்துவிட்டு ஓராண்டுத் தண்டனையை ஏற்றார், 1933 அக்டோபரில் வெளியே வந்தார்.

மனைவி என்ற தகுதி

அந்த ஆண்டுகளில் வாக்குரிமைப் போராட்டமும் வடிவம் மாறியிருந்தது. இனி சொத்து அடிப்படையே வேண்டாம், வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு, பெண்களுக்குத் தனி ஒதுக்கீடும் வேண்டாம் என்று மூன்று பெரிய மாதர் அமைப்புகளும் 1931-ல் கூட்டாகக் கேட்டன. வட்டமேசை மாநாட்டுக்குப் போன பேகம் ஷா நவாஸும், குமாரமங்கலம் ஜமீன்தாரான சுப்பராயனின் மனைவி ராதாபாய் சுப்பராயனும் முன்பே வேறு விதமாக யோசித்திருந்தார்கள். ஒதுக்கீடு இல்லாமல் பெண்கள் சட்டமன்றத்துக்குள் நுழைய முடியாது, கிடைப்பதை வாங்கிக்கொண்டு மேலே போகலாம் என்பது அவர்கள் வாதம். அதைக் கொள்கைத் துரோகம் என்று அன்று பேசினார்கள். பெண்களுக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டம் 2023-ல் நிறைவேறியதைப் பார்த்த நாம் ராதாபாயை அவ்வளவு கடுமையாகத் தீர்ப்பிடத் தயங்குவோம்.

இடையில், வாக்குரிமை விதிகளை மீண்டும் ஆராய வந்த லோத்தியன் குழு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. சொத்து உள்ள ஆணின் மனைவிக்கு, மனைவி என்ற தகுதியிலேயே வாக்குக் கொடுக்கலாம்! பெண் வாக்காளர்களின் எண்ணிக்கையைக் கூட்ட எளிய வழி. குடிமகள் என்ற உரிமையில் கேட்டதை ஒருவருடைய மனைவி என்ற சலுகையாகத் தருவதா என்று மாதர் அமைப்புகள் கொதித்தன. கொதித்தும் பயனில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தகுதியோடுதான் வந்தது. சுமார் 60 லட்சம் பெண்களுக்கு வாக்குக் கிடைத்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 21 வயதான பெண்கள் அனைவரும் 1931-லிருந்தே எந்தச் சொத்துத் தகுதியும் இல்லாமல் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள்.

1936-ல் அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவராக மார்கரெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதற்குள் அவர் தானாகவே ஒதுங்கத் தொடங்கியிருந்தார். இந்தியப் பெண்களின் தலைவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள், இனி தன் நேரடிப் பங்கு தேவையில்லை, அவர்கள் அதை விரும்பவும் மாட்டார்கள் என்ற எண்ணத்தைத் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தலைமை ஏற்ற பலருக்கு எப்போது எழுந்து இடம்விட வேண்டும் என்பது தெரிந்ததில்லை. மார்கரெட்டுக்குத் தெரிந்திருந்தது.

1943-ல் பக்கவாதம் தாக்கி அவர் படுக்கையில் விழுந்தார். கணவரோடு சேர்ந்து எழுதிய தன்வரலாறு 1950-ல் சென்னையில் வெளியானது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், சொத்து, கல்வி, மனைவி என்ற எந்தத் தகுதியும் கேட்காமல் 21 வயதான அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. நோயோடு போராடியபடி 1951-52 பொதுத்தேர்தலையும் பார்த்துவிட்டுத்தான் 1954 மார்ச் 11 அன்று அவர் இறந்தார்.

அந்தத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் பெயரை அதிகாரிகளிடம் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயரைப் பதிய அவகாசமும் கொடுத்துப் பார்த்தார். அப்படியும் பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் தேர்தலை நடத்தினார்.